முதுகலையில் 40 போதாது

பி.ஏ., பி.எஸ்சி.யில் 40 எடுத்தால் தேர்ச்சி. அதே நினைப்போடு முதுகலை சேரும் நம் பிள்ளைகள் சிலர் முதல் செமஸ்டரிலேயே அரியர் வைக்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழக முதுகலையில் 50 வேண்டும். அகமதிப்பீட்டில் எவ்வளவு வாங்கியிருந்தாலும் எழுத்துத் தேர்வில் தனியாகவும் பாதி எடுத்தாக வேண்டும்.

உதவித்தொகை கேட்டு நம்மிடம் வரும் பெற்றோர் புள்ளிகளைக் கூட்டிச் சராசரி சொல்கிறார்கள். சி.ஜி.பி.ஏ. அப்படி வராது. 4 கிரெடிட் பாடத்தில் 5 புள்ளி, 2 கிரெடிட் பாடத்தில் 9 புள்ளி என்றால் 20-ம் 18-ம் சேர்ந்து 38. அதை 6 கிரெடிட்டால் வகுத்தால் 6.33 தான், 7 அல்ல.

கல்லூரி ஆசிரியராக விரும்பும் பிள்ளைக்கு வெறும் தேர்ச்சியும் போதாது. நெட் தேர்வுக்கு முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். கிரீமி லேயரில் வராத ஓ.பி.சி.யினருக்கு 50. இதற்கு நம்மிடம் உள்ள பி.சி. முஸ்லிம் சான்றிதழ் உதவாது. மத்திய அரசுக்கான ஓ.பி.சி. சான்றிதழைத் தனியே வாங்க வேண்டும். நெட் அறிவிப்பு வந்தபின் தாலுகா அலுவலகத்துக்கு அலையாதீர்கள்.