குழந்தையின் காதும் தாயின் பாட்டும்



சில வாரங்களுக்கு முன் ஒரு தங்கச்சி தன் மூன்று மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருந்தகத்துக்கு வந்தார். குழந்தைக்குச் சளி. மருந்து வாங்கிக்கொண்ட பிறகு, "டிரசரய்யா, வேலை முடிஞ்சு வந்தா பாடறதுக்குக் குரலே எழும்பல. போன்ல தாலாட்டு போட்டு ஏணை பக்கத்துல வெச்சிடறேன். மூணு மாசப் புள்ளைக்கு என்ன தெரியும்? எல்லாம் பாட்டுதானே?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. பல வீடுகளில் இதே கேள்வி இருக்கும். ஆகவே இந்த மாதம் அதையே எடுத்துக்கொள்வோம்.

வயிற்றிலேயே கேட்கிறது

முதலில் காது வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம். ஒலி காதுக்குள் புகுந்து செவிப்பறையைத் தட்டுகிறது. அதன் பின்னால் உள்ள மூன்று சிறு எலும்புகள் அந்த அதிர்வை உள்காதுக்குக் கடத்துகின்றன. அங்கே நத்தைக் கூடு போல் சுருண்ட ஓர் உறுப்பு உண்டு. அதற்குள் சுமார் 15,000 மெல்லிய மயிர் அணுக்கள் வரிசையாக நிற்கின்றன. ஆர்மோனியக் கட்டைகளைப் போல, கீச்சுக் குரலுக்கு ஒரு பக்கம், கனத்த குரலுக்கு மறுபக்கம் என்று இவை பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. இவை எழுப்பும் செய்தி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. காது வெறும் வாசல்தான். பாட்டைப் பாட்டென்று அறிவது மூளை.

இந்த வாசல் குழந்தை பிறந்த பிறகு திறப்பதில்லை. கர்ப்பத்தின் ஆறாம் மாதத்திலேயே சிசு ஒலிக்கு அசையத் தொடங்கிவிடுகிறது. வெளிச் சத்தம் அதற்கு மங்கலாகத்தான் கேட்கும். தாயின் குரலோ உடம்பு வழியாகவும் உள்ளே போய்ச் சேர்கிறது. சொல் தெளிவாகப் போகாது. ஏற்ற இறக்கமும் தாளமும் போகும்.

1980-இல் அமெரிக்காவில் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இருவர் இதைச் சோதித்தார்கள். பிறந்து மூன்று நாள்கூட முழுதாக ஆகாத குழந்தைகளின் வாயில் ரப்பர் காம்பைக் கொடுத்தார்கள். ஒரு விதமாகச் சப்பினால் தாயின் குரல் கேட்கும், வேறு விதமாகச் சப்பினால் வேறொரு பெண்ணின் குரல் கேட்கும். குழந்தைகள் தாயின் குரல் வரும்படியாகச் சப்பக் கற்றுக்கொண்டன. "புள்ளைக்கு என்ன தெரியும்" என்ற கேள்விக்கு அந்தப் பிள்ளைகளே சொன்ன பதில் அது.

தாளமும் அப்படித்தான். 2009-இல் ஹங்கேரியில் பிறந்த சில நாளே ஆன குழந்தைகள் தூங்கும்போது டிரம் அடியை ஒலிக்கவிட்டு, தலையில் மெல்லிய கம்பி ஒட்டி மூளையைக் கவனித்தார்கள். முக்கியமான அடி ஒன்று விடுபட்டபோது மூளையில் உடனே மாற்றம் தெரிந்தது. மேளக்காரர் அடியைத் தவறவிட்டால் நாம் திரும்பிப் பார்க்கிறோம் அல்லவா? அதுபோலத்தான்.

நடந்தால் பாதை, நடக்காவிட்டால் லாலாங்

ஐந்து மாதத்தில் குழந்தை ஒரு மெட்டை அடையாளம் காணும். அதையே உயர்ந்த சுருதியில் பாடினாலும் அதே மெட்டென்று தெரிந்துகொள்ளும்.

ஆறு மாதத்தில் எந்த நாட்டுச் சங்கீதமும் அதற்கு ஒன்றுதான். 1990-இல் வந்த ஓர் ஆராய்ச்சியில், அமெரிக்கக் குழந்தைகள் தங்கள் நாட்டு இசையில் உள்ள பிசகையும், ஜாவாவின் கமெலான் இசையில் உள்ள பிசகையும் ஒரே அளவில் கண்டுபிடித்தன. பெரியவர்களுக்குச் சொந்த நாட்டு இசைதான் நன்றாகப் பிடிபட்டது. 2005-இல் தாளத்தை வைத்துப் பார்த்தபோது, ஆறு மாதத்தில் இருந்த அந்தத் திறமை ஒரு வயதிலேயே சுருங்கிப் போயிருந்தது.

ஏன்? நம் தோட்டத்துப் பாதையை நினைத்துப் பாருங்கள். தினம் நடக்கிற பாதை தெளிவாக இருக்கும். நடக்காத பாதையை லாலாங் மூடிவிடும். குழந்தையின் மூளையும் அடிக்கடி கேட்பதற்குப் பாதையைப் பலப்படுத்துகிறது, கேட்காததை விட்டுவிடுகிறது. பாட்டுக்கு மட்டுமல்ல, பேச்சுக்கும் இதே சட்டம்.

போன் பாட்டு விஷமல்ல, அழுகையை அடக்கும். ஆனால் பாதை போட அது போதாது. 2003-இல் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு 12 தடவை சீன மொழியைக் கேட்க வைத்தார்கள். ஆள் நேரில் உட்கார்ந்து பேசி விளையாடிய குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறிந்தன. அதே பேச்சை டி.வி.யில் பார்த்த குழந்தைகளும், ஒலிநாடாவில் மட்டும் கேட்ட குழந்தைகளும் ஒன்றும் கற்கவில்லை. தாய் பாடும்போது முகம் பார்க்கிறாள், நிறுத்துகிறாள், குழந்தை "ங்கா" என்றால் பதில் சொல்கிறாள். போன் பதில் சொல்லாது.

நான் செய்த தவறு

இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

பல வருடங்களுக்கு முன் ஓர் அக்கா ஒன்றரை வயது மகனோடு வந்தார். பையன் பேசவில்லை. "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசுனாராம், மாமியா சொல்றாங்க" என்றார். நான் பையனுக்குப் பின்னால் நின்று பலமாகக் கை தட்டினேன். திரும்பினான். "காது நல்லா இருக்கு, பேசிடுவான்" என்று அனுப்பிவிட்டேன். அவன் திரும்பியது சத்தத்துக்கு அல்ல, என் நிழலுக்கு.

மூன்று வயது தாண்டிப் பெரிய ஆஸ்பத்திரியில் சோதித்தபோது இரண்டு காதும் கடுமையாகப் பாதிக்கப்பட்டிருப்பது தெரிந்தது. கருவி வைத்தார்கள். பேசக் கற்றான், ஆனால் மிகவும் சிரமப்பட்டு. பிறகு அந்த அக்கா ஒன்று சொன்னார்: "ஏணையில போட்டுப் பாடுனா அடங்கவே மாட்டான்யா. நெஞ்சுல சாச்சிக்கிட்டுப் பாடுனாத்தான் அடங்குவான்." குரல் அவன் காதுக்குப் போகவில்லை, அதிர்வுதான் உடம்பில் தெரிந்திருக்கிறது. நான் முன்பே அதைக் கேட்டிருந்தால் அவனுக்கு ஒன்றரை வருடம் மிஞ்சியிருக்கும்.

ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று வரை காது கேளாமல் பிறக்கின்றன. ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் முடிவு, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது இன்று மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. உள்காதுக் கருவியை மூன்றரை வயதுக்குள் பொருத்தினால் மூளையின் கேட்கும் பாதை நன்றாக வளரும். அதன் பிறகு நாளாக ஆகப் பலன் குறையும்.

இவற்றைக் கவனியுங்கள்

1. திடீர்ச் சத்தத்துக்குப் பச்சைக் குழந்தை திடுக்கிடவில்லை.
2. நான்கு மாதத்தில் தாயின் குரலுக்கோ பாட்டுக்கோ அமைதியாவதில்லை.
3. ஏழு மாதத்தில் பக்கத்தில் வரும் ஒலிக்குத் திரும்புவதில்லை.
4. பத்து மாதத்தில் பெயர் சொன்னால் பார்ப்பதில்லை, அல்லது மழலை நின்றுவிட்டது.
5. ஒன்றேகால் வயதில் ஒரு சொல்லும் இல்லை.

இதில் ஒன்று இருந்தாலும் சோதனைக்குப் போங்கள். குறைமாதப் பிரசவம், கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக் காய்ச்சல், கர்ப்பத்தில் ருபெல்லா வந்த குழந்தைகளுக்கு இது கட்டாயம். குழந்தை தூங்கும்போதே சிறு கருவியைக் காதில் வைத்துப் பார்ப்பார்கள், வலி இல்லை. கை தட்டிப் பார்த்து நாமே முடிவு கட்டக் கூடாது. நானும் கூடாது.

காதில் எண்ணெய், தாய்ப்பால் ஊற்றாதீர்கள், ஹேர்பின் விடாதீர்கள். சீழ் வந்தால் அன்றே வாருங்கள். திருவிழாவில் உறுமி மேளத்தின் பக்கத்தில் கைக்குழந்தையோடு நிற்காதீர்கள். மயிர் அணு செத்தால் மீண்டும் முளைக்காது.

ஒரு நாள் சம்பளம் போகுமே என்று பலர் ஆஸ்பத்திரித் தேதியைத் தள்ளிப் போடுகிறார்கள். சீட்டு கையில் கிடைத்ததும் ஆபீசில் காட்டி விடுப்பு கேளுங்கள். சிக்கல் வந்தால் நம் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள். போன சம்பளத்தை ஓவர்டைம் செய்து ஈடுகட்டலாம். போன வயதை ஈடுகட்ட முடியாது.

அந்தத் தங்கச்சிக்கு நான் சொன்னது இதுதான்: "அஞ்சு நிமிஷம் பாடு, போதும். குரல் கம்மியிருந்தா பரவாயில்ல, புள்ள உனக்கு மார்க்கு போடாது. உன்னால முடியலன்னா அவங்க அப்பாவப் பாடச் சொல்லு. பாடும்போது புள்ள முகத்தப் பாரு, அது கேக்குதான்னு பாரு."

நீங்களும் பாருங்கள்.