ஆழிப்பேரலையும் முப்படையும்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று காலை, சுமத்ரா அருகே கடலடியில் நிகழ்ந்த நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை, தமிழகக் கரையை அடையுமுன்பே கார் நிக்கோபார் தீவைத் தாக்கியது. அங்கிருந்த விமானப்படைத் தளத்தில் வீரர்களும் அவர்தம் குடும்பத்தினருமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உதவிக்கு விரைய வேண்டிய தளமே உதவியை எதிர்நோக்கி நின்றது.

தீவை அடையக் கடல்வழியே எளிது என்று தோன்றும். ஆனால், படகுத்துறைகள் சிதைந்தபின் பெருங்கப்பல் கரையை அணுகுவது அரிது. நிக்கோபார் தீவுகளில் அந்நிலையே ஏற்பட்டது. நல்வாய்ப்பாக, கார் நிக்கோபார் ஓடுதளத்தின் ஒரு பகுதி எஞ்சியிருந்தது. போக்குவரத்து விமானங்கள் அதில் இறங்கி நிவாரணப் பொருள்களைச் சேர்த்தன. திரும்புகையில் காயமுற்றோரை ஏற்றிச் சென்றன. விமானம் விரைவானது, எனினும், பல நாள்களுக்கு வேண்டிய உணவையும் கட்டுமானப் பொருள்களையும் கப்பலே சுமக்க வல்லது. ஓடுதளமற்ற தீவுகளுக்கு ஹெலிகாப்டர்களும் சிறு படகுகளும் தேவைப்பட்டன. இடிபாடுகளை அகற்றுவதும் இறந்தோரை அடக்கம் செய்வதும் பாதையைச் சீரமைப்பதும் தரையில் நின்று செய்ய வேண்டியவை. பேரிடர்ச் செய்திகளில் குறைவாகப் பேசப்படும் உழைப்பு இது.

இத்தனை பணிகளையும் இணைக்க ஓர் அமைப்பு முன்னரே இருந்தது. நாட்டின் முதல் முப்படைக் கூட்டுக் கட்டளையகம் 2001இல் போர்ட் பிளேரில் நிறுவப்பட்டிருந்தது. தனித்தனித் தலைமையகங்களின் இசைவுக்காகக் காத்திராமல், அங்கிருந்த முப்படைப் பிரிவுகளையும் ஒரே தளபதி ஏவ முடிந்தது.

பாதிக்கப்பட்ட அண்டை நாடுகளுக்கும் கடற்படை உதவிற்று. இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் கப்பல்கள் விரைந்தன. கடலாழத்தை அளக்கும் ஆய்வுக்கப்பலான ‘நிருபக்’ மருத்துவமனைக் கப்பலாக மாற்றப்பட்டு இந்தோனேசியாவுக்குச் சென்றது.