எலும்புக்கு மட்டும்தானா வைட்டமின் டி?

ஒன்பதாம் வகுப்பில் நடத்தும் வைட்டமின் அட்டவணையில், "வைட்டமின் டி – குறைந்தால் ரிக்கெட்ஸ்" என்று ஒரு வரிதான் வரும். அந்த வரியைக் கொண்டே வளர்சிதை மாற்றம், மரபணு, நோய் எதிர்ப்பாற்றல் மூன்றையும் இணைத்து இரண்டு பாடவேளைகளில் நடத்தலாம். இதற்கான ஆராய்ச்சியில் ஒரு பகுதி நம் சென்னையிலேயே நடந்தது. தென்சென்னை அரசுப் பள்ளியில் நான் நடத்திவரும் முறையை இங்கே தருகிறேன்.

பாடக் கருத்து

வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் தோலில் வைட்டமின் டி உருவாகச் செய்கின்றன. அது கல்லீரலிலும் பிறகு சிறுநீரகத்திலும் மாற்றம் பெற்றுச் செயல்படும் வடிவத்தை அடைகிறது. அந்த வடிவம் செல்லுக்குள் சென்று 'வைட்டமின் டி ஏற்பி' என்ற புரதத்துடன் இணைகிறது. இணைந்த ஏற்பி, உட்கருவிலுள்ள டிஎன்ஏவில் குறிப்பிட்ட இடங்களில் அமர்ந்து சில மரபணுக்களை இயக்குகிறது. இவ்வகைப் புரதங்களே உட்கரு ஏற்பிகள். மனிதரிடம் இவை 48 உள்ளன. தைராய்டு ஹார்மோனும் ஈஸ்ட்ரோஜனும் இப்படிப்பட்ட ஏற்பிகள் வழியாகவே வேலை செய்கின்றன.

2006இல் ராபர்ட் மாட்லின் குழுவினர் 'சயின்ஸ்' இதழில் ஒரு முக்கியமான முடிவை வெளியிட்டனர். காசநோய்க் கிருமியின் அடையாளத்தை உணர்ந்த மேக்ரோபேஜ் செல், வைட்டமின் டி ஏற்பியையும், வைட்டமினைச் செயல்பட வைக்கும் நொதியையும் கூடுதலாக உருவாக்குகிறது. ஏற்பி இயங்கியதும் 'கேத்தலிசிடின்' என்னும் கிருமிக்கொல்லிப் பொருள் உண்டாகிறது.

வகுப்பறைச் செயல்பாடு

மஞ்சள் அட்டையில் சாவி (வைட்டமின்), நீல அட்டையில் பூட்டு (ஏற்பி), ஓர் உறைக்குள் 'கேத்தலிசிடின்' என்று எழுதிய தாள். சாவியும் பூட்டும் பொருந்தினால்தான் உறையைத் திறக்கலாம். பிறகு இரண்டு கேள்விகள்: சாவி இல்லாவிட்டால் என்ன ஆகும்? பூட்டின் அமைப்பு ஆளுக்கு ஆள் சற்று மாறினால்?

இரண்டாவது கேள்வியைத்தான் சேத்துப்பட்டில் ஆராய்ந்தார்கள். 1956இல் தொடங்கப்பட்டு, இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று அழைக்கப்படும் இடம் அது. வீட்டிலிருந்தே காசநோய்க்குச் சிகிச்சை பெறலாம் என்பதை 1959இல் உலகுக்குக் காட்டியதும் இந்த நிறுவனமே. இங்கு பி. செல்வராஜ் குழுவினர், வைட்டமின் டி ஏற்பி மரபணுவின் வேறுபாடுகளுக்கும் காசநோய் வரும் வாய்ப்புக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து 2000 முதல் கட்டுரைகள் வெளியிட்டனர்.

மாத்திரை போட்டால் போதுமா?

மாணவர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி இது. விடையை மங்கோலியப் பள்ளிப் பிள்ளைகளிடமிருந்து சொல்லலாம். அங்கு 8,851 பிள்ளைகளில் ஒரு பாதிக்கு வாரந்தோறும் வைட்டமின் டி, மறுபாதிக்கு மருந்தில்லா மாத்திரை என மூன்று ஆண்டுகள் கொடுத்தனர். காசநோய்க் கிருமித் தொற்று முதல் பிரிவில் 3.6 சதவீதம், மற்றதில் 3.3 சதவீதம். 2020இல் வெளியான இம்முடிவின்படி மாத்திரை தொற்றைத் தடுக்கவில்லை. ஆய்வகத்தில் உண்மையாக இருப்பது ஊரில் அப்படியே பலிக்க வேண்டியதில்லை என்ற பாடம் இதில் இருக்கிறது. விளம்பரங்களை நம்பும் வயதுப் பிள்ளைகளுக்கு இது அவசியம்.

பலித்தது எது? சேத்துப்பட்டு நிறுவனமும் பங்கேற்று ஜார்க்கண்டில் நடந்த ஆய்வில், நோயாளிகளின் வீட்டாருக்கு மாதம் ஆளுக்கு 5 கிலோ அரிசி, 1.5 கிலோ துவரம்பருப்பு, நுண்ணூட்ட மாத்திரை என ஆறு மாதம் வழங்கினர். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. முடிவு 2023இல் 'லான்செட்' இதழில் வந்தது. சத்துணவையும் காலை உணவையும் நாம் ஏன் அக்கறையோடு கவனிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆசிரியர் கவனத்துக்கு

வகுப்பில் யார் வீட்டிலாவது காசநோய் இருக்கலாம். "யாருக்கு இருக்கிறது?" என்று கேட்கவே கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம், முழுமையாக மருந்து எடுத்தால் குணமாகும் என்ற செய்தியை மட்டும் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லுங்கள். சொல்லத் தயங்கும் பிள்ளையும் அதை வீட்டுக்கு எடுத்துச் செல்லும்.

மதிப்பீடு

1. உட்கரு ஏற்பி எங்கே, என்ன வேலை செய்கிறது?
2. மங்கோலிய ஆய்வில் ஒரு பிரிவினருக்கு மருந்தில்லா மாத்திரை கொடுத்தது ஏன்?
3. துவரம்பருப்புக்கும் நோய் எதிர்ப்பாற்றலுக்கும் உள்ள தொடர்பை ஐந்து வரிகளில் எழுதுக.