சுக்கானைத் திருப்பினால் படகு சாய்வது ஏன்?

நீங்களே செய்த ரேடியோ படகைக் குளத்தில் விடுகிறீர்கள். நேராகப் போகும்வரை தொல்லை இல்லை. வேகமாக ஓடும்போது இடப்பக்கம் திருப்புகிறீர்கள். படகு வலப்பக்கம் சாய்ந்து, தண்ணீரை அள்ளிக்கொண்டு மூழ்கிவிடுகிறது! தவறு எங்கே? சுக்கானிலா, படகின் உடலிலா?

1898-ம் ஆண்டில் நிக்கோலா டெஸ்லா நியூயார்க் நகரில் ஒரு சிறு படகை ரேடியோ அலைகளால் இயக்கிக் காட்டினார். ரேடியோ அலை கட்டளையை மட்டுமே கொண்டு போகும். படகைத் திருப்புவது தண்ணீர்தான்.

சுக்கானின் தகடு இடப்பக்கம் திரும்பினால், ஓடிவரும் தண்ணீர் அதில் மோதிப் படகின் பின்பகுதியை வலப்பக்கம் தள்ளுகிறது. முன்பகுதி இடப்பக்கம் திரும்புகிறது. இப்போது படகு சற்றே குறுக்காக நகர்வதால், தண்ணீர் அதன் வலது விலாவை அழுத்தி வளைந்த பாதையில் செலுத்துகிறது. இந்த விசை தண்ணீருக்கு அடியில் செயல்படுகிறது. படகின் ஈர்ப்பு மையமோ அதற்கு மேலே இருக்கிறது. ஆகவே அடிப்பகுதி உள்ளே தள்ளப்பட, மேற்பகுதி வெளிப்பக்கம் சாய்கிறது. அதே வளைவில் வேகம் இரு மடங்கானால், சாய்க்கும் விசை நான்கு மடங்காகும்.

சாய்ந்த படகை நிமிர்த்துவது எது? சாய்ந்த பக்கம் அதிகமாக அமிழ்வதால் மிதப்பு மையம் அந்தப் பக்கம் நகர்கிறது. அங்கிருந்து மேல்நோக்கிச் செல்லும் மிதப்பு விசையின் கோடு, படகின் நடுக்கோட்டை ஒரு புள்ளியில் வெட்டும். அதற்கு மெட்டா மையம் என்று பெயர். ஈர்ப்பு மையம் இதற்குக் கீழே இருந்தால் படகு நிமிரும். மேலே இருந்தால் கவிழும். இரண்டுக்கும் உள்ள இடைவெளியை நீங்களே அளக்கலாம்.

சோதனை: அசையாத நீருள்ள தொட்டியில் படகை மிதக்க விடுங்கள். நடுவில் ஒரு கம்பத்தை நட்டு, 20 செ.மீ. நூலில் சிறு குண்டைத் தொங்கவிடுங்கள். அதன் பின்னே ஓர் அளவுகோலைப் படுக்கையாகப் பொருத்துங்கள். மேல்தளத்தின் நடுவில் 50 கிராம் எடைக்கல் ஒன்றை வையுங்கள். எல்லாம் சேர்ந்து மொத்த எடை 2,000 கிராம் என்று கொள்வோம். எடைக்கல்லைப் பக்கவாட்டில் 10 செ.மீ. நகர்த்துங்கள். குண்டு 2 செ.மீ. விலகினால்,

இடைவெளி = (50 × 10 × 20) ÷ (2,000 × 2) = 2.5 செ.மீ.

இனி, 400 கிராம் பாட்டரியை 3 செ.மீ. கீழே இறக்குங்கள். ஈர்ப்பு மையம் 400 × 3 ÷ 2,000 = 0.6 செ.மீ. தாழும். இடைவெளி 3.1 செ.மீ. ஆகும். மறுபடி சோதித்தால் குண்டு ஏறக்குறைய 1.6 செ.மீ. மட்டுமே விலகும். எதையும் புதிதாகச் சேர்க்காமலே படகு உறுதி பெற்றுவிட்டது!

இதைப் பொருட்படுத்தாததால் நேர்ந்த விபத்து ஒன்று உண்டு. சுவீடனின் 'வாசா' போர்க்கப்பல் புறப்படுமுன், 30 பேரை மேல்தளத்தில் இப்பக்கமும் அப்பக்கமும் ஓடவிட்டுப் பார்த்தார்கள். கப்பல் மிகவும் ஆடியதால் சோதனையை நிறுத்தினார்கள். ஆனால் பயணத்தை நிறுத்தவில்லை. 1628 ஆகஸ்டு 10 அன்று, ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் சுமார் 1,300 மீட்டர் சென்றதுமே காற்றில் சாய்ந்து, திறந்திருந்த பீரங்கித் துளைகள் வழியே நீர் புகுந்து மூழ்கியது.

படகு உறுதியான பிறகு சுக்கானைக் கவனியுங்கள். அது உந்துவிசிறிக்கு நேர் பின்னால் இருக்கட்டும். மெதுவாகப் போகும்போதும் விசிறி தள்ளும் நீர் அதில் மோதும். சுக்கானை 35 பாகைக்கு மேல் திருப்ப வேண்டாம். மேலும் திருப்பினால் அது திருப்புவதைவிடப் படகைத் தடுப்பதே அதிகம். சர்வோ மோட்டாரையும் சுக்கானையும் இணைக்கும் கம்பி தளர்ந்திருந்தால் படகு பாம்புபோல் நெளியும், இறுக்கிவிடுங்கள். திருப்புமுன் வேகத்தைக் குறையுங்கள்.

தொட்டியில் தேறிய படகையே குளத்தில் விடுங்கள். நடுக்குளத்தில் அது நின்றுவிட்டால், எடுப்பதற்கு நீங்கள் நீரில் இறங்க வேண்டாம். பெரியவர்களை அழையுங்கள்.