பண்டசாலைப் பொருளும் மாணாக்கர் உணவும்

உண்டியின்றி உடல் நில்லாது. உடல் நில்லாதவிடத்துக் கல்வியும் நில்லாது. இஃது யாவரும் அறிந்ததே. எனினும், கல்லூரிக்கு வெளியே அறை கொண்டு உறையும் மாணாக்கருட் சிலர், கையிற் பொருள் அருகிய காலத்து முதற்கண் குறைப்பது உணவையே. எம்முடன் உறைந்த தோழர் ஒருவர் தேர்வுக் கட்டணத்தின் பொருட்டு ஒரு பருவம் முழுவதும் காலையுணவை விடுத்தார். கடைத் தேநீரும் ஒரு பன் ரொட்டியுமே நண்பகல் வரை அவர்க்கு ஆதாரமாயின. முற்பகல் வகுப்புகளில் அவர் பெற்ற பயன் தலைவலியும் உறக்கமுமே. பின்னொருநாள் அச்செலவைக் கணக்கிட்டுப் பார்த்தோம். அதே தொகைக்குள் வயிறார ஒரு வேளை சமைத்துண்டிருக்கலாம் என்பது புலனாயிற்று. ஆகவே, சிக்கனமாவது குறைய உண்ணுதலன்று, அறிந்து உண்ணுதலாம். அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

கல்லூரிப் பண்டசாலையில் அரிசி, பருப்பு, பயறு, நிலக்கடலை, எண்ணெய், மிளகு, சீரகம் ஆகியன எக்காலும் கிடைப்பன. பகட்டான உறைகளில் வரும் நூடுல்ஸ் முதலியவற்றை நோக்க, இவை நம் கண்ணைக் கவர்வன அல்ல. ஆயினும் அவ்வுறைகளுள் பெரும்பாலும் இருப்பன மைதாவும் எண்ணெயும் உப்புமே.

நம் நாட்டு உணவுப் பொருள்களின் சத்துக்களை ஆராய்ந்து, குன்னூர் ஆராய்ச்சி நிலையத்துத் தலைவராயிருந்த அய்க்ராய்ட் என்பார் 1937-ல் பட்டியலாக வெளியிட்டார். இத்தகைய பட்டியல்களால் நாம் அறிவது யாதெனின், 100 கிராம் அரிசியில் உள்ள புரதம் ஏறக்குறைய 8 கிராம். பாசிப்பருப்பில் ஏறக்குறைய 24 கிராம் என்பதாம். அன்றியும், லைசின் என்னும் அமிலம் அரிசியிற் குறைவு, பருப்பில் மிகுதி. மெத்தியோனின் என்பது பருப்பிற் குறைவு, அரிசியில் அத்துணைக் குறைவில்லை. இரண்டும் கூடியவழி ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகின்றது. நம் முன்னோர் பொங்கலும் பருப்புச் சோறும் சமைத்தது நாவின்பத்திற்கு மட்டும் அன்று போலும்!

அரிசியிலும் புழுங்கலரிசியே மேலானது. ஜாவாத் தீவில் மருத்துவராயிருந்த எய்க்மன், தீட்டிய அரிசிச் சோற்றையே தின்ற கோழிகள் கால் தளர்ந்து நோயுற்றதையும், தவிடு நீங்கா அரிசியால் அவை தேறியதையும் 1890-ஐ அடுத்த ஆண்டுகளிற் கண்டார். 1929-ல் நோபல் பரிசும் பெற்றார். தவிட்டிலுள்ள தயமின் என்னும் சத்தே இதற்குக் காரணம். நெல்லை ஊறவைத்து அவிக்குங்கால் அச்சத்து அரிசியின் உள்ளே சென்று பதிகின்றது. எனவே தீட்டிய பின்னும் ஒரு பகுதி எஞ்சுகின்றது. ஆயினும் அது நீரிற் கரையும் இயல்பினது. அரிசியைப் பலமுறை கழுவுதலும் கஞ்சியை வடித்துக் கொட்டுதலும் அதனை இழத்தலேயாம்.

இனி, இருவர்க்குரிய ஓர் உணவைக் கூறுவாம். புழுங்கலரிசி 150 கிராம் எடுத்து, இருமுறை மட்டும் கழுவி, அரைமணி நேரம் ஊறவிடுக. பாசிப்பருப்பு 75 கிராமை மணம் எழுமளவும் வறுத்துச் சேர்க்க. ஊறிய நீரோடு கூட்டி ஐந்து பங்கு நீர் வைத்து, உப்பும் மஞ்சளும் இட்டு, குக்கரில் ஐந்தாறு விசில் வரும்வரை வேகவிடுக. குக்கர் பாதிக்கு மேல் நிரம்புதல் ஆகாது. பருப்பு நுரைத்து ஆவித் துளையை அடைக்கும். இறுதியில் எண்ணெயில் மிளகும் சீரகமும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டுக. இதில் ஒருவர்க்குக் கிடைக்கும் புரதம் ஏறக்குறைய 15 கிராம். 60 கிலோ எடையுள்ள ஒருவர்க்கு ஒரு நாளைக்கு வேண்டுவது ஏறக்குறைய 50 கிராம். ஆகவே ஒரு வேளைக்கு இது போதியதே.

காய்கறிக்குப் பொருளில்லாத நாளிற் பாசிப்பயறு கைகொடுக்கும். இரவில் ஊறவைத்து, காலையில் நீரை வடித்து, ஈரத்துணியில் முடிந்து வைப்பின் மறுநாள் முளை காணும். உலர்ந்த பயற்றில் இல்லாத வைட்டமின் சி முளையில் உண்டாகின்றது. கொதிநீரிற் சிறிது இட்டு உடனே எடுத்து, எலுமிச்சைச் சாறு பிழிந்து உண்க. அச்சாறு பயற்றிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்கத் துணைசெய்யும். தேநீரோ அதனைத் தடுக்கும். ஆதலின் உணவோடு தேநீரை அருந்தாது ஒரு மணி நேரம் கழித்து அருந்துக. அறைகளில் அடுப்பு மூட்டுதல் விலக்கப்பட்ட விடுதியில் உறைவார்க்கும் இம்முளைப்பயறு இயல்வதொன்றாம்.

பசியை மறைத்தல் மானமுடையார் இயல்பு. எம் தோழரும் தாம் உண்ணாமையை ஒருநாளும் உரைத்தாரல்லர், யாமும் வினவினோமல்லேம். நம் திருச்சபைகளிற் பெண்மக்கள் உலையிடும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் காணிக்கையாக எடுத்துவைக்கும் வழக்கம் உண்டு. அவ்வழக்கத்தை நாம் சிறிது மாற்றிக் கொள்ளலாம். ஒரு பிடியை எடுத்து வைப்பதற்கு ஈடாக, ஒரு பிடியை உலையிற் கூட்டி இடுவோம். இட்டபின் அடுத்த அறைக் கதவைத் தட்டி அழைப்போமாக.