எளிமையும் தற்சார்பும்

எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம் என்னும் உரிமையோடு மூலநிரல் வெளியிடப்படும் மென்பொருளே திறமூல மென்பொருள். அதனை வளர்ப்போருள் பலர் தன்னார்வலர்கள். அவர்களை ஈர்க்க எளிய கருவி வேண்டுமா, எவரையும் சாராத கருவி வேண்டுமா?

1991ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருநிரலை வெளியிட்டார். 2002 முதல் அதன் மாற்றங்களைப் பேணுவதற்குப் 'பிட்கீப்பர்' என்னும் தனியார் கருவி பயன்பட்டது. 2005இல் அதன் உரிமையாளர்கள் இலவச அனுமதியை நிறுத்தினர். எனவே டோர்வால்ட்ஸ் 'கிட்' என்னும் கருவியைத் தாமே உருவாக்கினார். கிட்டைக் கொண்டு முழுமையாகப் படியெடுப்பவர் ஒவ்வொருவரிடமும் நிரலின் முழு வரலாறும் இருக்கும். ஓரிடம் அழிந்தாலும் நிரல் அழியாது.

கிட்டை அடிப்படையாகக் கொண்ட கிட்ஹப் தளம் 2008இல் தொடங்கப்பட்டது. அங்கு ஒரே கணக்கைக் கொண்டு பல திட்டங்களுக்கும் திருத்தம் அனுப்பலாம். இவ்வெளிமை புதியவர்களை ஈர்த்தது. பைத்தான் மொழிக் குழுவினரும் 2017இல் தம் மூலநிரலை அங்கு மாற்றினர். லினக்ஸ் கருநிரலுக்கான திருத்தங்களோ இன்றும் பெரும்பாலும் மின்னஞ்சல் வழியே செல்கின்றன. இம்முறை எந்நிறுவனத்தையும் சாராதது. ஆயினும் அதன் விதிகளைப் புதியவர் கற்கக் காலம் ஆகும்.

எளிமைக்கும் ஒரு விலை உண்டு. 2018இல் கிட்ஹப்பை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வாங்கியது. 2019இல் அமெரிக்காவின் வணிகத் தடைகளால் ஈரான் முதலிய இடங்களிலுள்ள பயனர்கள் அதன் சில சேவைகளை இழந்தனர். நிரலின் படி நம்மிடம் இருப்பினும், பிழைகளைப் பற்றிய உரையாடல்கள் தளத்திலேயே தங்கிவிடுகின்றன.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியும் உண்டு. க்னோம் திட்டத்தினர் 2018இல் கிட்லேப் மென்பொருளுக்கு மாறினர். அதனைத் தாமே இயக்குகின்றனர். புதியவருக்குப் பழகிய வலைப்பக்கமும் கிடைத்தது. நிரலும் உரையாடலும் திட்டத்தின் கையிலேயே உள்ளன. ஆனால் வழங்கியைப் பேணும் உழைப்பை அவர்களே ஏற்க வேண்டும். வருவோருக்கு எளிமையும் வளர்ப்போருக்குத் தற்சார்பும் வேண்டுமெனில், அவ்வுழைப்பை எவரேனும் தாங்கியே ஆக வேண்டும்.

சொற்பொருள்
தற்சார்பு – பிறரைச் சாராத நிலை
கருநிரல் – இயங்குதளத்தின் மையப் பகுதி
வழங்கி – பிற கணினிகளுக்குச் சேவை அளிக்கும் கணினி

பயிற்சி
1. கிட் உருவாகக் காரணம் யாது?
2. மின்னஞ்சல் முறையின் நன்மை ஒன்றும் குறை ஒன்றும் எழுதுக.
3. பிரித்து எழுதுக: தன்னார்வலர், எந்நிறுவனம்.
4. நீங்கள் ஒரு திறமூலத் திட்டத்தைத் தொடங்கினால் எவ்வழியைத் தேர்வீர்கள்? காரணம் கூறுக.