குளிரூட்டும் கேமராவும் சில சூடான நம்பிக்கைகளும்

டிஎஸ்எல்ஆரை டெலஸ்கோப்பில் மாட்டி ஓரியன் நெபுலாவை ஓரளவுக்குப் படம் பிடித்துவிட்டவருக்கு அடுத்து வரும் ஆசை குளிரூட்டும் கேமராதான். கைக்குள் அடங்கும் உருளை, முதுகில் குட்டி ஃபேன், விலையோ நல்ல பைக் வாங்கும் அளவுக்கு. கேமரா வீட்டுக்கு வருவதற்கு முன்பே அதைப் பற்றிய நம்பிக்கைகள் வந்துவிடுகின்றன. அவற்றில் பாதி, குளிர்நாட்டுக்காரர்கள் தங்கள் ஊர் இரவை வைத்துச் சொன்னவை. நம் வெக்கைக்கு அவை அப்படியே பொருந்தாது.

“எவ்வளவு குளிர வைக்கிறோமோ, படம் அவ்வளவு சுத்தம்”

அடிப்படை சரிதான். வெளிச்சமே படாவிட்டாலும், வெப்பத்தால் மட்டுமே சென்சாருக்குள் எலெக்ட்ரான்கள் கிளம்பும். இதுதான் இருள் மின்னோட்டம். நட்சத்திர ஒளி கிளப்பிய எலெக்ட்ரான் எது, வெப்பம் கிளப்பியது எது என்று சென்சாருக்குப் பிரிக்கத் தெரியாது. வெப்பநிலை சுமார் 6 டிகிரி ஏறும்போதெல்லாம் இது இரட்டிப்பாகும். அந்தக் கணக்கில் 30 டிகிரியிலிருந்து 0-வுக்கு இறக்கினால் ஐந்து முறை பாதியாகி, முப்பத்திரண்டில் ஒரு பங்காகிவிடும். பெரிய லாபம் இதுதான். 0-விலிருந்து மைனஸ் 10-க்குப் போனால் அதிலும் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் ஏற்கெனவே மிகச் சொற்பமாகிவிட்ட ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு. சோனியின் ஐஎம்எக்ஸ்533, ஐஎம்எக்ஸ்571 போன்ற இன்றைய சென்சார்களில் அந்த வித்தியாசத்தை ஊர் வானத்தின் வெளிச்சமே விழுங்கிவிடும்.

“காவலூர் வானாய்வகத்தில் திரவ நைட்ரஜன் ஊற்றிக் குளிர வைக்கிறார்களே?” என்று ஒருவர் கேட்கக்கூடும். அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி, மங்கலான பொருள்களின் நிறமாலை, நீண்ட எக்ஸ்போஷர். மொட்டைமாடித் தேவை வேறு.

நம் கேமராவில் இருப்பது பெல்டியர் தகடு. 1834-இல் கண்டறியப்பட்ட விளைவுதான். மின்சாரம் பாய்ந்தால் தகட்டின் ஒரு முகம் குளிரும், மறுமுகம் சுடும். அந்தச் சூட்டைத்தான் ஃபேன் வெளியே தள்ளுகிறது. ஆகவே எல்லாமே சுற்றுப்புற வெப்பத்தைப் பொறுத்தது. ‘சுற்றுப்புறத்தைவிட 35 டிகிரி குறைவு’ என்று தயாரிப்பாளர் சொன்னால், சென்னையின் மே மாத இரவில் 30 டிகிரி இருக்கும்போது அதன் எல்லை மைனஸ் 5. அதுவும் முழு மூச்சில் ஓடினால். அந்த இரவில் மைனஸ் 10 என்று செட் செய்தால் என்ன ஆகும்? மென்பொருளில் கூலர் 100 சதவீதம் என்று நிற்கும், வெப்பநிலை மைனஸ் 3, மைனஸ் 5, மைனஸ் 4 என்று அலையும். ஏ.சி.யை 16-இல் வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்று நினைப்பது மாதிரிதான் இதுவும்.

கூலர் 70, 80 சதவீதத்தைத் தாண்டாமல் நிற்கும் வெப்பநிலையே உங்கள் ஊருக்கான வெப்பநிலை. சமவெளியில் கோடைக்கு 0, மார்கழி, தை மாதங்களில் மைனஸ் 10 என்று இரண்டு எண்ணை வைத்துக்கொண்டால் போதும். இந்த கேமராவின் உண்மையான பலம் குளிர்ச்சி அல்ல, சொன்ன எண்ணில் அசையாமல் நிற்பது. அதன் பயன் அடுத்த நம்பிக்கையில் தெரியும்.

“குளிரூட்டினால் டார்க் எடுக்க வேண்டாம்”

நேர்மாறு. இருள் மின்னோட்டத்தைக் கழிப்பதற்காக மூடியைப் போட்டு எடுக்கும் டார்க் படங்கள் இந்த கேமராவில்தான் முழுப் பயன் தருகின்றன. டிஎஸ்எல்ஆரின் சென்சார் இரவு முழுக்கச் சூடேறுவதும் ஆறுவதுமாக இருக்கும். டார்க் பொருந்த வேண்டுமென்றால் அதே இரவில், அதே சூட்டில், நல்ல வானத்தை வீணாக்கித்தான் எடுக்க வேண்டும். குளிரூட்டும் கேமராவுக்கு அந்தப் பாடு இல்லை. மேகம் மூடிய ஞாயிற்றுக்கிழமை மதியம் அறைக்குள் உட்கார்ந்து எடுத்துவிடலாம். வெப்பநிலை, கெயின், ஆஃப்செட், எக்ஸ்போஷர் நேரம் நான்கும் இரவில் எடுத்த படத்தோடு ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான். அந்தத் தொகுப்பு பல மாதங்களுக்கு உழைக்கும். ஒரு விஷயம்: பிளாஸ்டிக் மூடிகளில் சில, அகச்சிவப்பு ஒளியைக் கசியவிடும். உலோக மூடி போடுங்கள், இல்லையென்றால் மூடியின் மேல் அலுமினியத் தாளைச் சுற்றுங்கள்.

ஐஎம்எக்ஸ்294 சென்சார் கேமராக்களில் ஓரத்தில் ஒளிக்கீற்றுபோல ஒரு பளபளப்பு வரும். அதைக் கழிக்க ஒத்துப்போகும் டார்க்கைத் தவிர வேறு நல்ல வழி கிடையாது. ஐஎம்எக்ஸ்533-இல் அந்தத் தொல்லையே இல்லை. முதல் கேமராவாக அதை நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

“நகர வானத்தையும் இது ஜெயித்துவிடும்”

தெருவிளக்கின் ஒளியும் ஒளிதான். சென்சாரை எவ்வளவு குளிர வைத்தாலும் வானத்திலிருந்து வரும் ஃபோட்டான் குறையாது, அது கிளப்பும் நாய்ஸும் குறையாது. பிறகு எப்படி ‘டிஎஸ்எல்ஆரில் முன்பு, கூல்டு கேமராவில் பின்பு’ படங்களில் ரொசெட் நெபுலா திடீரென்று செக்கச்செவேல் என்று மலர்கிறது? பெருமையில் பெரும்பங்கு குளிரூட்டியைச் சேராது. சாதாரண டிஎஸ்எல்ஆரின் சென்சாருக்கு முன்னால் உள்ள ஃபில்டர், ஹைட்ரஜன் நெபுலாவின் 656 நானோமீட்டர் சிவப்பைப் பெருமளவு தடுத்துவிடும். வானியல் கேமராவில் அந்தத் தடுப்பு இல்லை. அதே ஃபில்டரைக் கழற்றி மாற்றியமைத்த பழைய டிஎஸ்எல்ஆரிலும் இந்தச் சிவப்பு வரும், பல மடங்கு குறைந்த செலவில்.

நகரத்தில் உதவுவது டூயல் நேரோபேண்ட் ஃபில்டர். 656-இல் ஹைட்ரஜன், 501-இல் ஆக்சிஜன், இரண்டை மட்டும் உள்ளே விடும். வான வெளிச்சம் வெட்டுப்பட்டு, எக்ஸ்போஷர் ஐந்து நிமிடம் வரை நீளும்போதுதான் குளிரூட்டலும் தன் கூலிக்கு வேலை செய்கிறது. ஆனால் ஆண்ட்ரோமீடா மாதிரியான கேலக்ஸிகளுக்கு இந்த ஃபில்டரால் பெரிய பயன் இல்லை. அவற்றின் ஒளி எல்லா நிறத்திலும் பரவியிருக்கிறது. அதற்கு ஜவ்வாது மலைப் பக்கம் வண்டி கட்ட வேண்டியதுதான்.

“பெட்டியைப் பிரித்து மாட்டினால் படம்”

திரை கிடையாது, கார்டு கிடையாது, ஷட்டர் பட்டன்கூடக் கிடையாது. லேப்டாப்போ, டெலஸ்கோப்பின் மேலேயே உட்காரும் குட்டிக் கணினியோ வேண்டும். யூஎஸ்பி கேபிள் மட்டும் போதாது. குளிரூட்ட 12 வோல்ட் தனியாகத் தர வேண்டும், உச்சத்தில் 3 ஆம்பியர் வரை இழுக்கும். படத்தின் ஓரங்களைச் சீராக்கும் ஃபிளாட்னர் லென்ஸிலிருந்து சென்சார் வரை பெரும்பாலும் 55 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கேமராவுக்குள்ளேயே 17.5 போய்விட்டால் மீதி 37.5-ஐ வளையங்களால் நிரப்ப வேண்டும். தவறினால் மூலையில் உள்ள நட்சத்திரங்கள் வால் முளைத்து நிற்கும்.

கடலோரத்துக்காரர்களுக்கு இன்னொன்று. படத்தின் நடுவில் மட்டும் மங்கலாக ஒரு வட்டம் தெரிந்து, நேரமாக ஆக அது பெருத்தால் ஃபோகஸை நோண்டாதீர்கள். சென்சாருக்கு முன்னுள்ள கண்ணாடியில் பனி கோத்திருக்கிறது. மென்பொருளில் ஆன்டி-டியூ ஹீட்டரை ஆன் செய்யுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் உள்ளே ஈரம் போயிருக்கிறது, ஈரம் உறிஞ்சும் வில்லைகளை மாற்ற வேண்டும்.

“மோனோ வாங்குபவர்தான் சீரியஸ் ஆள்”

கறுப்பு-வெள்ளையில் மட்டும் எடுக்கும் மோனோ கேமராவில் நுணுக்கம் கூடுதல்தான். ஆனால் ஃபில்டர் வீல், நான்கைந்து ஃபில்டர், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஃபிளாட் படங்கள் என்று செலவும் வேலையும் நீளும். ஓரியன் ஏறும் நேரத்தில் நமக்கு வடகிழக்குப் பருவமழை. கிடைப்பது இரண்டு மணி நேர இடைவெளி என்றால், சிவப்பை முடித்துவிட்டு நீலத்துக்குக் காத்திருப்பதைவிட கலர் கேமரா புத்திசாலித்தனம்.

வியாழன், சனி மட்டும்தான் இலக்கு என்றால் குளிரூட்டியே வேண்டாம். அங்கே எக்ஸ்போஷர் மில்லிசெகண்டுகளில். இருள் மின்னோட்டம் தலைகாட்டவே நேரமிருக்காது.

பணத்தை எடுப்பதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். இப்போதுள்ள டிஎஸ்எல்ஆரிலேயே, அதே டெலஸ்கோப்பில், மூன்று நிமிடப் படங்கள் பத்து எடுங்கள். பாதிக்கு மேற்பட்ட படங்களில் நட்சத்திரங்கள் நீண்டிருந்தால் அந்தப் பணம் மவுன்டுக்கும் கைடிங்குக்கும் போகட்டும்.